வேலூரில் புதிதாகத் தொழில் தொடங்குபவர் எஸ்.இ.ஓ. கற்றுக்கொள்ளும் வழி

கடை திறந்த சில நாள்களிலேயே, "உங்கள் தொழிலைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், மாதம் இவ்வளவு கட்டினால் போதும்" என்ற அழைப்புகள் கைபேசிக்கு வரத் தொடங்கும். முதலிடம் கிடைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது எனக் கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் அது விளம்பரம் என்ற குறிப்போடு தனியாக வருமே தவிர, இயல்பான தேடல் முடிவுகளில் உங்கள் இடம் அதனால் உயராது. ஆகவே, யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன், தேடுபொறி உகப்பாக்கம் எனப்படும் எஸ்.இ.ஓ.வின் அடிப்படையை நீங்களே கற்றுக்கொள்வது நல்லது. வாடிக்கையாளர் என்ன சொல்லிக் கேட்கிறார் என்று கவனிக்கும் பழக்கமுள்ள கடைக்காரருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கூகுளின் தானியங்கி நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. படித்தவற்றில் தகுதியானவற்றைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. உங்கள் இணையதளம் அட்டவணையிலேயே இல்லையென்றால் வரிசையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியைச் சேர்த்துத் தேடினால், சேர்ந்திருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். எதுவுமே வராவிட்டால், கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிவுசெய்து, பக்கங்களைச் சேர்க்கும்படி கோர வேண்டும்.

அடுத்தது தேடுசொல். என் கணிப்பில் கற்க வேண்டியவற்றில் இதுவே பெரிது. பெரும்பாலோர் அவசரமாகக் கடந்து போவதும் இதைத்தான். சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே நோயாளிகளின் குடும்பத்தினருக்கு அறை வாடகைக்கு விடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தன் தளத்தில் 'தரமான தங்கும் விடுதி, நியாயமான கட்டணம்' என்று எழுதுவார். ஆனால் வருபவர்களில் கணிசமானோர் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். சிகிச்சை முடியும்வரை பல நாள் தங்க வேண்டியவர்கள். தங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தாங்களே சமைத்துக்கொள்ள விரும்புபவர்கள். அவர்கள் தேடுவது 'சி.எம்.சி. பக்கத்தில் கிச்சன் உள்ள ரூம்', 'மாத வாடகை', 'லிஃப்ட் உண்டா', 'காட்பாடி ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்' போன்றவற்றை. அதையும் ஆங்கிலத்திலோ வங்காளத்திலோ இந்தியிலோதான் அடிப்பார்கள். தரம், நியாயம் ஆகிய சொற்களை யாரும் தேடல் பெட்டியில் இடுவதில்லை.

இந்தச் சொற்களைச் சேகரிக்க விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் தொடக்கத்தில் வேண்டியதில்லை. தொலைபேசியில் அழைப்பவர் கேட்கும் முதல் கேள்வியை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு உலாவியில், உங்கள் பழைய தேடல்களின் தாக்கம் இல்லாத மறைநிலைச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறந்து, அந்தச் சொற்களைப் பாதி அடித்து நிறுத்தினால், கூகுள் மீதியை நிரப்பிக் காட்டும் பரிந்துரைகள் மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். இரண்டு சொற்களில் எது அதிகம் தேடப்படுகிறது என்ற ஐயம் வந்தால், கூகுள் ட்ரெண்ட்ஸில் இரண்டையும் அருகருகே இட்டு ஒப்பிடலாம்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் வட ஆற்காட்டுப் பகுதிக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களான பின்னும், ஆம்பூரையோ ஆற்காட்டையோ 'வேலூர் மாவட்டம்' என்று சேர்த்தே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஆம்பூரில் தோல் செருப்பு செய்து விற்பவர், முகவரியில் திருப்பத்தூர் மாவட்டம் என்று சரியாக எழுதிவிட்டு, 'வேலூரிலிருந்து வர இந்த வழி' என்ற குறிப்பில் பழைய பெயரையும் இயல்பாக இடம்பெறச் செய்யலாம். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. 'ஆற்காடு ரோடு' என்று மட்டும் எழுதினால் சென்னை வடபழனிப் பக்கம் உள்ள சாலையோடு குழம்பிப்போகும். ஊர்ப் பெயரும் பின்கோடும் இல்லாத முகவரியை எங்குமே வெளியிடக் கூடாது. குடியாத்தம், வாணியம்பாடி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பலரும் பலவிதமாக எழுதுகிறார்கள் என்றாலும், கூகுள் அவற்றைப் பெரும்பாலும் புரிந்துகொள்வதால் எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் அடுக்கி வைக்கத் தேவையில்லை.

சொற்கள் கையில் வந்தபின், தளத்துக்கும் முன்னதாகக் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்ட இது இலவசம். வரைபடத்தில் உங்கள் கடை தோன்றுவது இதன் மூலம்தான். உள்ளூர்த் தேடலில் மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், அந்தத் தொழில் எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தம் உங்கள் கையில் இருக்கிறது. தொழில் வகையைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்து, திறந்திருக்கும் நேரத்தையும் பண்டிகை விடுமுறையையும் சரியாகக் குறித்து, நீங்களே எடுத்த படங்களை ஏற்றுவது அதற்கான வேலை. பெயர்ப் பலகையில் உள்ள பெயரோடு 'வேலூர் பெஸ்ட் லாட்ஜ் நியர் சி.எம்.சி.' என்று வாலைச் சேர்ப்பது விதிமீறல், பதிவே முடக்கப்படலாம். வீட்டிலிருந்தபடி மக்கன் பேடா என்ற இனிப்பைச் செய்து அனுப்புபவர்போல, வாடிக்கையாளர் நேரில் வராத தொழில் நடத்துபவர், முகவரியை மறைத்துவிட்டுச் சேவை செய்யும் பகுதியை மட்டும் குறிப்பிட வேண்டும்.

தளத்தைப் பொறுத்தவரை, ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் என்பதே முறை. அறைகள், கட்டணம், வரும் வழி, எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்டினால் எந்தத் தேடலுக்கும் அது முழுப் பதிலாக இருக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு எழுதுங்கள். தேடல் முடிவில் நீலத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். 'முகப்பு' அல்லது 'எங்களைப் பற்றி' என்று இருந்த தலைப்பை, 'சமையல் வசதியுடன் அறை வாடகைக்கு, சி.எம்.சி. மருத்துவமனை அருகில், வேலூர்' என்று மாற்றுங்கள். கட்டண அட்டையைப் படமாக எடுத்து ஒட்டுவதைவிட எழுத்தாகவே தட்டச்சு செய்வது மேல். தேடுபொறி எழுத்தைத்தான் நம்பகமாகப் படிக்கும். வங்காளத்திலும் இந்தியிலும் பக்கம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றாமல், அந்த மொழி தெரிந்தவரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். வேலூரில் அப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

பக்கம் கைபேசியில் வேகமாகத் திறக்க வேண்டும், ஏனெனில் கூகுள் தளங்களின் கைபேசி வடிவத்தைத்தான் முதன்மையாகப் படிக்கிறது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவியில் முகவரியை இட்டால், பக்கத்தின் பெரிய பகுதி தெரிய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும், 2.5 விநாடிக்குள் இருப்பது நன்று. புதிய தளங்களில் தாமதத்துக்குக் காரணம் அநேகமாகக் கேமராவிலிருந்து சுருக்காமல் ஏற்றிய படங்களே. தேடுசொற்களைப் பார்ப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் அடுக்கும் 'கீவேர்ட்ஸ்' குறிச்சொல்லை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. அதற்கென்று இன்றும் கட்டணம் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ரிவ்யூ கேட்பதில் கூச்சம் வேண்டாம். அறையைக் காலிசெய்து ரயிலேறிய குடும்பத்துக்கு, ஊர் சேர்ந்தபின் வாட்ஸ்அப்பில் நன்றியோடு ரிவ்யூ இணைப்பையும் அனுப்பலாம். அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ தருவது கூகுள் விதிப்படி தவறு. வருகிற ஒவ்வொரு ரிவ்யூவுக்கும், குறை சொல்லியிருந்தாலும், பொறுமையாக இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். ஆனால் விருந்தினரின் நோயைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்லும் வரக் கூடாது. மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளுக்கும் மதிப்புண்டு. லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடித்தளமே இணைப்புகளை எடைபோடும் முறைதான். எனினும் 'ஆயிரம் பேக்லிங்க்' என்று மொத்தமாக விற்பவற்றை வாங்கினால் அது ஏமாற்று வேலையாகக் கணக்கிடப்படும். வணிகர் சங்கத்தின் தளம், நீங்கள் சரக்கு வாங்கும் மொத்த வியாபாரியின் தளம் ஆகியவற்றில் உங்கள் பெயர் இடம்பெறக் கேட்பது போதுமானது.

இவ்வளவும் செய்தபின் சர்ச் கன்சோலைப் படிக்கப் பழகுங்கள். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எந்த இடத்தில் வந்தது என்பவற்றை 16 மாதங்கள் வரை அது வைத்திருக்கும். அடிக்கடி காட்டப்பட்டும் யாரும் சொடுக்கவில்லையென்றால், பக்கம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். முதல் பத்துக்குள் இருந்தும் சொடுக்கு விழவில்லையென்றால் தலைப்பைத் திருத்துங்கள். நீங்கள் எழுதியிராத ஒரு சொல், உதாரணமாக 'சக்கர நாற்காலி செல்லும் அறை', பட்டியலில் தலைகாட்டினால், அந்த வசதி உங்களிடம் இருக்கும்பட்சத்தில் அதற்கென்று ஒரு பக்கம் எழுதுங்கள். மாற்றம் தேடலில் தெரியச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும் என்பதால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய 28 நாள்களையும் பிந்தைய 28 நாள்களையும் அதே கருவியில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்துக்குப் போக வேண்டும்.