டிவி வாங்கும் முன் சுவரை அளக்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் வீடுகளில் டிவி மாட்டும் வேலை பார்க்கிறேன், பன்னிரண்டு வருஷமாகிறது. தீபாவளி நெருங்கினால் வாரத்துக்கு ஏழெட்டு வீடு. புதுசாக வீடு எடுத்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் நான் செய்த அதே தவற்றைச் செய்துவிட்டு, பெட்டியைப் பிரித்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். 55 இன்ச் என்பது அகலமல்ல, மூலைக்கு மூலை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சுவருக்குச் சுவர் அளப்பது

போன மாதம் ஓர் அடுக்குமாடி வீட்டில் 75 இன்ச் டிவி. அகலம் மட்டும் ஐந்தரை அடி. "ஹால் பத்தடி இருக்கு அண்ணே, கணக்குப் பார்த்துதான் வாங்கினேன்" என்றார் அந்தத் தம்பி. கணக்கு சரிதான். பத்தடி என்றால் 120 இன்ச், வசதியான திரை அளவுக்குத் தூரத்தை 1.6-ஆல் வகுப்பார்கள் (ஏன் என்று கீழே சொல்கிறேன்), 75 வருகிறது. ஆனால் யாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு டிவி பார்ப்பதில்லையே. டிவி கேபினெட் மேல் நிற்பதால் திரை ஓரடி முன்னால் வந்துவிட்டது, சோபாவுக்குப் பின்னால் சமையலறைக்குப் போக இரண்டடி வழி விட்டிருக்கிறார்கள், சாய்ந்து உட்கார்ந்தாலும் சோபா முதுகின் கனத்தில் தலை இன்னும் ஓரடி முன்னால். மிஞ்சியது ஆறடி.

பாட்டி நாற்காலியைத் தூக்கிப்போய்ச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டார். பேத்தி கீழே ஓடும் மலாய் வசனத்தைப் படிக்கத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிரித்த டிவியைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை, தெரிந்தவர் ஒருவருக்கு விற்றதில் ஆயிரத்து இருநூறு வெள்ளி (ரிங்கிட்) நட்டம். என் முதல் வீட்டில் நானும் இப்படித்தான் சுவரை அளந்து வாங்கினேன், அதனால்தான் இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. அத்தனை காசு வாங்கும் இடத்தில் "எங்கே உட்கார்ந்து பார்ப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

சரி, எப்படி அளப்பது? வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கம்போலச் சாய்ந்து உட்காருங்கள். திரை நிற்கப்போகும் இடத்தில் ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிக்கட்டும், நீங்கள் அதை உங்கள் கண் வரை இழுங்கள். வந்த இன்ச்சை 1.6-ஆல் வகுத்தால் அன்றாடம் பார்க்க வசதியான அளவு, 1.2-ஆல் வகுத்தால் அதற்கு மேல் போகக்கூடாத அளவு. திரை கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும் என்பதற்கு எஸ்எம்பிடிஇ என்ற திரைப்பட, டிவி பொறியாளர் சங்கம் சொல்லும் 30 பாகையும், திரையரங்குத் தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் சொல்லும் 40 பாகையும்தான் இந்த இரண்டு எண்களாக மாறியிருக்கின்றன. அந்தத் தம்பியின் ஆறடிக்கு, அதாவது 72 இன்ச்சுக்கு, 45-இலிருந்து 60 வரை வரும். 50 அல்லது 55 வாங்கியிருக்கலாம்.

இன்னும் சந்தேகமா? பழைய பேப்பரை ஒட்டி 55 இன்ச்சுக்கு 122க்கு 68 சென்டிமீட்டர், 65 இன்ச்சுக்கு 144க்கு 81 என்று வெட்டி, அந்த இடத்தில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள்.

கடையில் பார்த்து முடிவெடுப்பது

கடையின் கூரை உயரம், பக்கத்தில் 85 இன்ச் நிற்கும். அங்கே எல்லாமே சின்னதாகத்தான் தெரியும்.

4கே என்பதால் எவ்வளவு கிட்டவும் உட்காரலாம் என்பது

பெட்டி 4கே, சரி. நாம் பார்க்கும் சேனல்களில் பெரும்பாலானவை அதைவிடத் தெளிவு குறைந்த எச்டி, பழைய படங்கள் இன்னும் மோசம். பெரிய திரையில் கிட்ட உட்கார்ந்தால் அந்தக் குறை எல்லாம் பளிச்சென்று தெரியும். செய்தியும் சீரியலும்தான் அதிகம் என்றால் 1.6 பக்கமே இருங்கள்.

கேபினெட் நீளம்

நிறைய மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. கால்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கேட்டு, கேபினெட் அதைவிட நீளமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சாமி மேடை உயரத்துக்கு மாட்டுவது

வேண்டாம். உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்தில் திரையின் நடுப்பகுதி வரட்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

லிஃப்ட்

பெட்டியையும் லிஃப்ட் கதவையும் அளந்துவிட்டுக் காசு கட்டுங்கள். நுழையவில்லை என்று படியில் படுக்கவைத்துத் தூக்கினால் திரை விரிசல் விடும்.