ஒரே சொல் இரண்டு தடவை: சொற்பட்டியல் மென்பொருளில் வந்த சிக்கல்

மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் நுண்கடன் நிறுவனத்தில் கணக்குப் பகுதி ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் சொல்லும், கடன் பகுதி வேறொன்று சொல்லும். அதற்காகப் பொதுச் சொற்பட்டியல் வைக்கும் மென்பொருள்கள் சிலவற்றைப் பரீட்சித்துப் பார்த்தோம். ஒன்றில் கல்முனைக் கிளையின் பட்டியலை ஏற்றியதும் 'கொடுப்பனவு' இரண்டு தடவை வந்தது. தேடினால் ஒன்றுதான் அகப்படும். 'நிலுவை', 'வட்டி' எல்லாம் ஒழுங்காக இருந்தன.

எழுத்துருவை மாற்றினேன். பட்டியல் இருந்த சிஎஸ்வி கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்துத் திரும்ப ஏற்றினேன். தேடல் அட்டவணையையும் புதிதாகக் கட்டினேன். ஒன்றுக்கும் அசையவில்லை, நாட்கள்தான் போயின.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: இரட்டித்த சொற்கள் எல்லாவற்றிலும் கொம்பும் (ெ) அரவும் (ா) சேர்ந்து வந்தன. எக்செல்லில், ஒரு சொல்லில் எத்தனை எழுத்துக் குறியீடுகள் என்று எண்ணும் லென் சூத்திரம் போட்டேன். ஒரு 'கொடுப்பனவு' 10, மற்றது 11! திரையில் துளி வித்தியாசம் கிடையாது.

ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரமான யுனிகோட்டில் 'ொ' என்பதற்கு 3018 என்ற ஒற்றைக் குறியீடு உண்டு. கொம்பு 3014, அரவு 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதை. கல்முனைப் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, ஒரு மாற்றியால் யுனிகோட்டுக்கு வந்தது. அந்த மாற்றி பிரித்தே எழுதியிருந்தது.

பைதான் நிரல்மொழியில் யுனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் மூலம் கோப்பு முழுவதையும், பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றி, பழைய பதிவுகளை அழித்துவிட்டு ஏற்றினேன். சரி, தீர்ந்தது. அழிக்காமல் ஏற்றினால் பழைய இரட்டை அப்படியே நிற்கும்.

இப்போது ஒவ்வொரு மென்பொருளிலும் முதலில் இரண்டு வடிவத்தையும் ஒட்டித் தேடிப் பார்க்கிறோம். விலைப்பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.