கொழுப்பும் குறையணும், தசையும் ஏறணும்: ஜிம்முக்குப் புதியவர்களுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி

தொப்பையோடு ஜிம்மில் சேர்ந்தால் ட்ரெட்மில்லில் ஏற்றிவிடுவார்கள். ஒல்லியாகச் சேர்ந்தால் ஒரு நாள் செஸ்ட், மறுநாள் பேக், அடுத்த நாள் ஷோல்டர் என்று ஆறு நாள் அட்டவணை கிடைக்கும். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்று இருப்பவர்களுக்கு இரண்டுமே ஒத்துவராது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களில் பலருக்கு இந்த உடல்வாகுதான். எனக்கும் இதுதான் இருந்தது. கொழுப்பைக் குறைப்பதும் தசையை ஏற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்குமா என்று கேட்டால், புதிதாக எடை தூக்குகிறவருக்கு நன்றாகவே நடக்கும். பல வருடம் தூக்கியவருக்குத்தான் அது கஷ்டம். அதனால் முதல் ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

வாங்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப். அவ்வளவுதான். செயலிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் செட்டுக்கு நடுவில் போனைத் திறந்தால் அடுத்த பத்து நிமிடம் எங்கே போனது என்று தெரியாது. ஷூ தட்டையாக இருக்கட்டும். மெத்தென்ற ஓட்ட ஷூவில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) செய்தால் குதிகால் ஆடும். சாதாரண கேன்வாஸ் ஷூ அதைவிட நல்லது. பெல்ட், ஃபேட் பர்னர் (கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் மாத்திரை, பவுடர்) எதுவும் வேண்டாம். புரோட்டீன் பவுடரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அட்டவணை

திங்கள், புதன், வெள்ளி. இரண்டு விதமான நாட்கள், மாறி மாறி வரும். முதல் வாரம் அ-ஆ-அ என்றால் அடுத்த வாரம் ஆ-அ-ஆ.

அ நாள்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துச் செய்யும் காப்ளெட் ஸ்குவாட், பெஞ்சில் படுத்து மேலே தள்ளும் டம்பெல் பெஞ்ச் பிரஸ், மேலிருந்து கம்பியை நெஞ்சுக்கு இழுக்கும் லாட் புல்டவுன், கடைசியில் முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க்.

ஆ நாள்: ரொமேனியன் டெட்லிஃப்ட் (ஜிம்மில் ஆர்.டி.எல். என்பார்கள், கீழே விவரமாகச் சொல்கிறேன்), தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் டம்பெல் ஷோல்டர் பிரஸ், உட்கார்ந்து கேபிளை வயிற்றை நோக்கி இழுக்கும் கேபிள் ரோ, மெஷினில் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்.

பிளாங்க் தவிர எல்லாம் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை. நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. முடிந்ததும் 20 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். ட்ரெட்மில்லை முதலில் செய்து களைத்துப்போய் எடைப் பக்கம் வராதீர்கள்.

பெஞ்ச் பிரஸ்ஸுக்கு ராடை (இரண்டு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) விட்டு டம்பெல் சொல்லக் காரணம் உண்டு. தனியாக வருபவர் ராடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். டம்பெல் என்றால் பக்கத்தில் இறக்கிவிடலாம்.

எவ்வளவு எடை?

10 முறை தூக்கியபின் 'இன்னும் இரண்டு முறை முடியும், மூன்றாவது சந்தேகம்' என்று தோன்றும் எடைதான் உங்கள் எடை. அதை நோட்டில் எழுதுங்கள். மூன்று செட்டிலும் 12 முறை வந்துவிட்டால் அடுத்த தடவை அடுத்த எடைக்குப் போங்கள். எண்ணிக்கை 8க்கு இறங்கும், திரும்ப 12 வரை ஏறுங்கள். தசை வளர்வதற்கான காரணமே இந்த ஏற்றம்தான். ஒரே 5 கிலோ டம்பெல்லை வருடம் முழுக்கத் தூக்கினால் உடலுக்கு மாற வேண்டிய தேவையே இல்லை. ஜிம்முக்கு ஒழுங்காக வந்தும் உடம்பு அப்படியே இருப்பவர்களிடம் போன மாதம் எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கும் பதில் இருக்காது.

ஆர்.டி.எல்.: இங்கே நிதானமாக

மற்ற பயிற்சிகளை மாஸ்டர் ஒரு முறை காட்டினால் பிடிபட்டுவிடும். எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது இது ஒன்றுதான். 'குனிந்து நிமிருங்கள்' என்று சொன்னால் முதுகைத்தான் வளைப்போம். வளைக்க வேண்டியது முதுகை அல்ல. இடுப்பு பின்னால் போக வேண்டும், அதனால்தான் மேலுடம்பு முன்னால் சாய வேண்டும்.

எடை இல்லாமல் வீட்டுச் சுவரில் பழகுங்கள். சுவருக்கு முதுகு காட்டி, குதிகாலுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது காரின் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே மாதிரி பின்பக்கத்தைச் சுவரில் தொடவையுங்கள். தொட்டதும் நிமிருங்கள். சுலபமாக வந்தால் கால் விரல் அளவு முன்னால் நகர்ந்து திரும்பச் செய்யுங்கள். ஓர் இடத்துக்கு மேல் தொடையின் பின்பக்கம் கயிறு கட்டியதுபோல் இழுக்கும். அந்த இழுப்புதான் அடையாளம். இழுப்பு தொடையில் இல்லாமல் கீழ்முதுகில் தெரிந்தால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம்.

அதன் பிறகு டம்பெல். அது தொடையை ஒட்டியே, பேன்ட் துணியில் உரசியபடி இறங்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்ததும் போதும், தரையைத் தொட வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்க்கிறேன் என்று கழுத்தைத் தூக்காதீர்கள். பார்வை நாலடி முன்னால் தரையில் இருக்கட்டும். பக்கவாட்டில் போனைச் சாய்த்து வைத்து ஒரு செட் படம் எடுத்துப் பாருங்கள். முழங்கால் முன்னால் போகிறதென்றால் அது ஸ்குவாட் ஆகிவிட்டது.

சாப்பாடு

புரதம், தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம். 75 கிலோ என்றால் 120 கிராம். நான்கு முட்டையில் சுமார் 25, 200 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 45, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பால் அல்லது தயிரில் 13, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 11, சுண்டலில் 10. மீதி சோறு, இட்லியிலிருந்தே வந்துவிடும். சைவம் என்றால் மீல் மேக்கர்தான் கை கொடுக்கும்: 50 கிராம் காய்ந்த உருண்டையில் 26 கிராம் புரதம். கூடவே 100 கிராம் பனீர், 18 கிராம். இத்தனைக்கும் மேல் குறைந்தால் மட்டும் பவுடர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கலோரியில் தினம் 300 முதல் 500 குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாலு டீ என்றால் சர்க்கரை மட்டுமே 130 கலோரிக்குப் பக்கம். இந்த இரண்டையும் குறைத்து, இரவு இட்லி ஐந்தை மூன்றாக்கினாலே கணக்கு வந்துவிடும்.

எப்படி அளப்பது

வாரம் ஒரு முறை காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இழுக்காமல், தொப்புள் மட்டத்தில் டேப். எடையை வேண்டுமானால் தினமும் பார்த்து வாரச் சராசரி எடுங்கள். புதிதாகப் பயிற்சி செய்யும் தசை நீரைப் பிடித்து வைக்கும். அதனால் முதல் சில வாரம் எடை அசையாமல் இருக்கலாம். டேப் குறைந்து, நோட்டில் கிலோ ஏறினால் எல்லாம் சரியாகப் போகிறது. டேப்பும் ஒரு மாதம் நின்றுவிட்டால் சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஆரம்பித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள்.

ஒன்று, பெண்களும் இதையே செய்யலாமா? இதையேதான் செய்ய வேண்டும். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் உடம்பு பருத்துவிடும் என்ற பயம் வேண்டாம். எடை ஏற்றும் விதியும் அதேதான்.

இன்னொன்று, நான் முதலில் யோசிக்காதது. பல ஜிம்களில் டம்பெல் 5, 7.5, 10 என்றுதான் இருக்கிறது. ஷோல்டர் பிரஸ்ஸில் 5லிருந்து 7.5க்குப் போவது ஒரேயடியாகப் பாதி எடை கூடுவது மாதிரி. ஆறு முறைகூட வராது. அப்படி இருந்தால் 12ல் நிறுத்தாமல் 15, 16 வரை ஏறிவிட்டு மாறுங்கள். அப்போதும் கஷ்டம் என்றால் முதல் செட் மட்டும் 7.5, மற்ற இரண்டும் 5. சில வாரத்தில் இரண்டாவது செட்டும் 7.5க்கு வந்துவிடும், அப்புறம் மூன்றாவது. நோட்டில் செட்வாரியாக எழுதினால்தான் இது தெரியும், '7.5, 5, 5' என்று மூன்று எண்ணாகவே எழுதுங்கள்.