நியான் போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் அடிக்கடி போகிறதா?

மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் முன் குழாயைப் பாருங்கள். விரிசலோ கழன்ற இணைப்போ இருந்தால் மின்னோட்டத்துக்கு வழியிருக்காது. 15,000 வோல்ட் வரைகூடப் போகும் அழுத்தம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரின் உள்சுற்றின் இன்சுலேஷன் மேல் விழும்.

இருட்டியதும் தள்ளி நின்று கவனியுங்கள். குழாய்க்குள் மின்சாரம் நுழையும் எலெக்ட்ரோடு முனையில் நீலப் பொறி, 'சர்ர்' சத்தம் இருந்தால் அங்கேதான் கசிவு. மழைநாளில் இன்னும் தெளிவாகத் தெரியும். மெயினை அணைத்த பிறகு பார்த்தால் ரப்பர் உறையில் முடி மாதிரி ஒரு கரிக்கோடு. துடைத்து ஒப்பேற்றாதீர்கள், உறையை மாற்றுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குழாய்க்குப் போகும் ஹைடென்ஷன் கேபிள் இரும்புப் பைப்புக்குள் நீளமாக ஓடினாலும் இதே கதைதான்; குட்டையாக்குங்கள்.

குழாயின் மொத்த நீளம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தாங்குமா என்றும் பாருங்கள். மெல்லிய குழாய் அடிக்கு அதிக வோல்ட் கேட்கும். கடைக்காரர் பிறகு போர்டில் இரண்டு எழுத்து சேர்த்திருப்பார், சொல்லவே மாட்டார்!