சேலத்தில் குழி தோண்டும் முன்: வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

குடிதண்ணீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை, சம்ப், கடைக்கால், போர்வெல் என்று சொந்த வீட்டுக்காரர் எப்போதாவது மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும். பலர் இதை மேஸ்திரியிடமோ பிளம்பரிடமோ முழுசாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் கேபிள் அறுந்தாலும், பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்தாலும், குழிக்குள் ஆள் சிக்கினாலும் முதல் கேள்வி வீட்டுக்காரரிடம்தான் வரும். அதனால் கடப்பாரை இறங்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் படி: தோண்டும் இடம் யாருடையது?

பெரும்பாலான வீடுகளில் காம்பவுண்டோடு நம் இடம் முடிகிறது. கேட்டுக்கு வெளியே நாமே சிமென்ட் போட்டிருந்தாலும் அது பொது இடம்தான். மாநகராட்சித் தெரு என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய 4 மண்டலங்களில் உங்கள் வீடு எதில் வருகிறதோ அந்த அலுவலகம். சொத்துவரி ரசீதைக் கையோடு கொண்டு போங்கள், வார்டு அதிலேயே இருக்கும். பெரிய ரோடாக இருந்தால் அது மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பைபாஸ் ஓரம் என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். தெருவுக்கு ஒருவர், மெயின் ரோட்டுக்கு இன்னொருவர் என்று இரண்டு பக்கமும் அனுமதி தேவைப்படுகிற முனை வீடுகளும் உண்டு.

இரண்டாம் படி: அனுமதி

குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புகளுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். சொத்துவரி ரசீது, பத்திர நகல், அடையாள அட்டை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்து, தார் ரோடா, கான்கிரீட்டா, மண் ரோடா, எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்பதை வைத்து ரோடு சீரமைப்புக் கட்டணம் போடுவார்கள். கட்டணத்தைக் கட்டி, ரசீதும் அனுமதியும் கைக்கு வந்த பிறகுதான் வேலை. "இன்னைக்கு ராத்திரியே வெட்டி மூடிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சமில்லாமல், கீழே என்ன இருக்கிறதென்று விசாரிக்காமல், அவசரமாக வெட்டுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதுதான்.

வீடு கட்டக் கடைக்கால் எடுப்பவர்களுக்குக் கட்டட அனுமதி தனி. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறேன் என்று விண்ணப்பிப்பவரே உறுதி தருவது) 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனே அனுமதி கிடைக்கிறது. ஆனால் அந்தத் தாள் ரோட்டை வெட்டுவதற்குச் செல்லாது. தோண்டிய மண்ணை லாரியில் வெளியே அனுப்புவதாக இருந்தால் கனிமவளத் துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கீழே என்ன இருக்கிறது?

பூமிக்கடியில் போகும் கேபிள், குழாய்களைத் தோண்டுபவர்கள் சேதப்படுத்தாமல் இருக்க 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை மத்திய அரசு கொண்டுவந்தது. தோண்டும் இடத்தை அதில் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அதோடு நிறுத்திவிடாமல், ஈ.பி. பிரிவு அலுவலகத்திலும், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரிடமும் கேளுங்கள். மேட்டூர்த் தண்ணீர் வரும் மெயின் பைப் எந்தப் பக்கம் போகிறது என்பது அவருக்கு அத்துபடி.

மண்ணும் அடையாளம் காட்டும். செம்மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும்போது திடீரென்று ஆற்று மணலோ, வரிசையாக அடுக்கிய செங்கல்லோ தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். மின் கேபிளைப் புதைக்கும்போது மணல் பரப்பி மேலே செங்கல் அடுக்குவது வழக்கம். விதிப்படி வீட்டு மின்சார கேபிள் 75 சென்டிமீட்டர் ஆழத்திலும், 11 கிலோவோல்ட் கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்திலும் இருக்க வேண்டும். ஆனால் ரோட்டைச் சுரண்டியும் மேடு போட்டும் மாற்றியிருப்பார்கள், அந்த அளவை நம்பி இறங்க வேண்டாம். சந்தேகமான இடத்தில் ஜேசிபியும் கடப்பாரையும் வேண்டாம். மண்வெட்டியால் மேலாகச் சீய்த்து, ஒரு சின்ன சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள்.

நான்காம் படி: குழிக்குள் இறங்கும் ஆளின் உயிர்

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நம்ம ஊர்ப் பக்கம் பல இடங்களில் மேலே செம்மண், கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல் கலந்த கெட்டி மண்). காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர் மாதிரி நேராக நிற்கும். அதைப் பார்த்து "இது இடியாது" என்று ஆளை இறக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பைப் கசிந்தாலும், ராத்திரி ஒரு மழை பெய்தாலும், ஓரமாக ஒரு லாரி போனாலும் அதே சுவர் சரிந்துவிடும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பு வரை மூடினாலே ஆளால் மூச்சை உள்ளே இழுக்க முடியாது.

பொதுப்பணிகளில் பின்பற்றும் பாதுகாப்பு விதி எளிமையானது, வீட்டு வேலைக்கும் அப்படியே பொருந்தும். 1.5 மீட்டர், அதாவது 5 அடி ஆழத்தைத் தொட்டுவிட்டால் பக்கங்களைப் படிப்படியாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் பலகையும் குறுக்கே இறுக்கிய சவுக்குக் கட்டையும் எல்லா சைட்டிலும் கிடைப்பவைதான். 4 அடி தாண்டினால் ஏணி கட்டாயம், அது குழிக்கு மேலே 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளிக் கொட்டுங்கள். குழி 10 அடிக்கு மேல் போனால் அதன் ஆழத்தில் பாதி தூரம். அடியைக் குடைந்து மேலே உள்ளதைச் சரியவிடும் வேலை கூடவே கூடாது.

தினமும் காலையில் ஆள் இறங்கும் முன் விளிம்பைச் சுற்றி வந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக மயிரிழை விரிசல் ஓடினாலோ, சின்னச் சின்னக் கட்டி உதிர்ந்தாலோ அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. கூலி ஒரு நாள் வீண்தான், போகட்டும். மீறி இடிந்துவிட்டால் 101, 108 இரண்டுக்கும் போன் போடுங்கள். காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொருவர் குதிப்பதையும், ஜேசிபியை விட்டு மண்ணை அள்ளுவதையும் தடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடை மேன்ஹோலைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். அடைப்போ இணைப்போ, மாநகராட்சி இயந்திரம் வரட்டும்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டுவதானால் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். பக்கத்து நிலத்துக்கு நம் மண் தரும் தாங்கலை எடுத்துவிடக் கூடாது என்பது 1882 முதலே சட்டம். பாறை வந்தால் கம்ப்ரசர் வைத்து உடைக்கலாம். உரிமம் இல்லாதவர் வெடி வைக்கக் கூடாது.

போர்வெல் போடுவதாக இருந்தால் 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது 2010 உச்ச நீதிமன்ற உத்தரவு. தண்ணீர் வராத குழியை அன்றே மூடிவிடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தையை இழந்தது மூடாமல் விட்ட ஒரு போர்வெல்லால்தான்.

ஐந்தாம் படி: மூடுவது

திறந்திருக்கும் குழியைச் சுற்றித் தடுப்பும், இரவில் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். ரிப்பன் மட்டும் கட்டினால் போதாது, டூவீலரில் வருபவருக்கு அது தெரியாது. மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல் அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து மூடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் அமுங்கிவிடும்.

ஏற்காட்டில் என்றால்

மலையில் சட்டமும் வேறு, மண்ணும் வேறு. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிறது. மனையைச் சமன் செய்யக்கூட முன்னதாக அனுமதி தேவையா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பவர் வீட்டின் பிடிமானம் போகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகே வேலையை ஆரம்பியுங்கள். வெட்டுக்கு மேலே ஒரு வாய்க்கால் எடுத்து, மழைத் தண்ணீரை ஓடைப் பக்கம் திருப்பிவிட்ட பிறகு முதல் மண்வெட்டியைப் போடுங்கள்.