ஒரு பேரிக்காயை வைத்து மகளுக்குக் கருப்பையைச் சொல்லிக் கொடுங்கள்

இங்கே சிங்கப்பூரில் மகள் தொடக்கநிலை நான்குக்குப் போகும்போதே இந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். பத்து, பதினோரு வயதிலேயே நிறைய பிள்ளைகள் வயதுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு முன்கூட்டியே யாரும் எதுவும் சொல்லவில்லை, சிறுநீரில்தான் ரத்தம் வருகிறது என்று நினைத்து இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் பயந்து கிடந்தேன். அந்தப் பயம் இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது, வழிகள் மூன்று. முன்னால் சிறுநீர்த்துளை, நடுவில் யோனி, பின்னால் மலவாய். மாதவிடாய் ரத்தம் நடுவழியாகத்தான் வரும். 'அந்த இடம்', 'கீழே' என்று மழுப்பாமல் பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கு வலியோ அரிப்போ வந்தால் எங்கே என்று அவளால் சொல்ல முடியும். துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னுக்கு. உள்ளே சோப்பு போட வேண்டாம், யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அப்புறம் தேக்கா சந்தைக்குப் போகிற அன்று ஒரு சின்னப் பேரிக்காய், கொஞ்சம் பயற்றங்காய், இரண்டு பாதாம் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வையுங்கள். பேரிக்காயைத் தலைகீழாகப் பிடித்தால் அதுதான் கருப்பை, ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளம். கீழே குறுகுகிற பகுதி கருப்பை வாய், அது யோனிக்குள் திறக்கிறது. மேலே இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டருக்கு நறுக்கிய பயற்றங்காய், அவை கருக்குழாய்கள். பாதாம் இரண்டும் சினைப்பைகள். பயற்றங்காயைப் பாதாமோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள், ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். குழாயின் நுனியில் விரல்கள் மாதிரி இருக்கிற இழைகள்தான் வெளியே வருகிற முட்டையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. என் மகள் அந்த இடைவெளியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி மாதச் சுழற்சி. சினைப்பையில் ஒரு முட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பையின் உட்சுவரை மெத்தை மாதிரித் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியேறியதும் அது இருந்த பை மஞ்சளாக மாறி புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும், மெத்தை கலையாமல் இருப்பது அதனால்தான். கரு தங்கவில்லை என்றால் சுமார் 14 நாளில் அந்த மஞ்சள் பை சுருங்கிவிடும், மெத்தை உதிர்ந்து வெளியே வரும், அதுதான் மாதவிடாய். அதில் அழுக்கும் இல்லை, தீட்டும் இல்லை. மொத்த ரத்தமும் பெரும்பாலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். ஏன் வலிக்கிறது என்று கேட்பாள். கையை இறுக்கி மூடித் திறக்கச் சொல்லுங்கள், கருப்பை முழுக்கத் தசை, மெத்தையை வெளியே தள்ள அது இப்படித்தான் இறுகுகிறது. வெந்நீர்ப் பை வைத்தால் தசை கொஞ்சம் தளரும்.

நாள்காட்டியில் ரத்தம் தொடங்கிய நாளை முதல் நாளாகக் குறிக்கப் பழக்குங்கள். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை சாதாரணம், ஆரம்ப வருடங்களில் பிள்ளைகளுக்கு 45 நாள்கூட ஆகலாம். முட்டை வெளியேறுவது எல்லாருக்கும் 14ஆம் நாள் என்று நினைக்காதீர்கள், அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் சுமார் 14 நாள். அந்தச் சமயத்தில் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பான திரவம் கசிந்தால் அது நோயில்லை. நாற்றமோ அரிப்போ சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

15 வயதாகியும் வரவில்லை, மணிக்கு ஒரு பேட் நனைகிறது, ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை, வலியில் பள்ளிக்கே போக முடியவில்லை, இதில் எது நடந்தாலும் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விடாமல் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

உயர்நிலை ஒன்றில் எச்பிவி தடுப்பூசிக்குப் பள்ளியிலிருந்து படிவம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் அந்தக் கிருமியால்தான் வருகிறது. அப்படியே அந்தப் புற்றுநோய்க்கான உங்கள் பரிசோதனை என்னாயிற்று என்றும் பாருங்கள், அம்மா. தாம்பத்திய உறவு உள்ளவர்கள் 25 வயதிலிருந்து 3 ஆண்டுக்கு ஒருமுறை பாப் பரிசோதனை, 30 ஆனதும் 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை செய்ய வேண்டும். நான் போன வாரம்தான் பதிவு செய்தேன், மகளே நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள்.