பெங்களூரில் தெருமரம் நடுவோர் செய்யும் தவறுகள்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கினால் குடியிருப்போர் சங்கங்கள் ஐம்பது, நூறு என்று கன்றுகளை இறக்கிவிடுகின்றன. அடுத்த மார்ச்சில் பல இடங்களில் இரும்புக் கூண்டு மட்டுமே நிற்கிறது. பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு போடாததுதான் காரணம். முதல் ஆண்டில் மழை இல்லாத வாரங்களில் ஒரு கன்றுக்குத் தடவைக்கு 20 லிட்டர் வீதம் வாரம் இரண்டு தடவை ஊற்ற வேண்டும். 50 கன்றுக்கு வாரம் 2,000 லிட்டர், அதுவும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை விடாமல். குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் செடிகளுக்குக் குடிநீர் ஊற்றத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. பக்கத்து அபார்ட்மெண்ட்டின் சுத்திகரித்த கழிவுநீர் தாராளமாகப் போதும். ஊற்ற ஆள் பத்துக் கன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பத்தே நடுங்கள்.

அடுத்தது இடம். நடைபாதை மாநகராட்சியுடையது, அதன் வனப்பிரிவில் அனுமதி வாங்காமல், கீழே கேபிளும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கேட்காமல் கடப்பாரையை எடுக்காதீர்கள். தப்பான இடத்தில் வளர்ந்த மரத்தைப் பிறகு நினைத்தபடி வெட்டவும் முடியாது. 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, பவளமல்லி போன்ற சிறு மரங்கள் போதும். புங்கை, மகிழம், வேம்பு அகலமான ஓரங்களுக்கு. (நர்சரியில் புங்கையை ‘ஹொங்கே’ என்று கேளுங்கள்.) குல்மோஹர் பூத்தால் அழகுதான், ஆனால் ஏப்ரல், மே மாத இடிமழைக் காற்றில் கிளை முறிந்து விழும். வண்டி நிறுத்தும் இடத்தில் நாவல் வேண்டாம். பழக்கறைக்காகவே ஒருநாள் யாராவது வெட்டச் சொல்வார்கள்.

குழியில்தான் கைவேலை அதிகம். அல்சூர் மாதிரிப் பழைய பேட்டைகளில் நடைபாதையைத் தோண்டினால் செம்மண்ணுக்கு முன்னால் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான் வரும். அதையே திரும்பப் போட்டு மூடினால் சுண்ணாம்புத் தன்மையால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் தளிர் மஞ்சளிக்கும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடியாக எடுங்கள். இடிபாடு நிறைந்த இடத்தில் மூன்றடி. இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழு உரம். உரம் நல்லதாயிற்றே என்று குழி முழுக்கக் கொட்டினால் அது மக்கி அமுங்கும், கன்றும் கூடவே இறங்கும்.

பாலித்தீன் பையை முழுவதும் கிழித்து எடுத்துவிட வேண்டும். அடியை மட்டும் கீறி அப்படியே புதைப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால், வேர்ப்பந்தின் பக்கங்களில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு அங்குல ஆழத்துக்குக் கத்தியால் கீறுங்கள். கீறாவிட்டால் வேர் சுற்றிக்கொண்டே பருத்துத் தண்டை நெரிக்கும். மரம் பல வருடம் கழித்து ஒரு பெருங்காற்றில் வேரோடு சாயும். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் இருக்கட்டும். அது புதைந்தால் பட்டை அழுகும். அந்த அழுகல் வெளியே தெரியவே ஓரிரு வருடம் ஆகும். காய்ந்த இலைகளை மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் போடலாம், ஆனால் தண்டை ஒரு சாண் விட்டு.

ஊன்றுகோலை வேர்ப்பந்துக்கு வெளியே அடித்து, சணல் கயிற்றைத் தளர்வாக எட்டுப் போல் சுற்றிக் கட்டுங்கள். கம்பி கூடவே கூடாது. ஓராண்டில் கோலை எடுத்துவிட வேண்டும். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். தண்டு பருத்துக் கம்பியைத் தொடுமுன் கூண்டையும் கழற்றுங்கள். நடைபாதை வேலைக்கு ஆள் வரும் நாளில் யாராவது பக்கத்தில் நின்று, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாகவே விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் தண்டுவரை சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விடுவார்கள்.